கேளாமல் வந்த சொத்து

பாட்டனார் விட்டுச்சென்ற நிலம் வேண்டாமென்றால் எழுதிக் கொடுத்துவிடலாம். தந்தையின் கடனுங்கூட இன்று அப்படித்தான். மகன் என்ற புனிதக் கடமையை மட்டும் காரணம் காட்டி அதை அவனிடம் வசூலிக்க முடியாது என்று 2005ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம் கூறுகிறது. ஆனால் பெற்றோரிடமிருந்து உடலோடு உடலாக வந்து சேரும் சொத்து ஒன்று உண்டு. அதை மறுத்து எழுதிக் கொடுக்க எந்தப் பதிவு அலுவலகத்திலும் வழியில்லை. நிறம், குரல், நடை இவையெல்லாம் அந்தச் சொத்தில் அடங்கும். சிலருக்கு ஒரு நோயும் அடங்கும்.

தான் செய்யாத ஒன்றின் பலனை ஒருவர் வாழ்நாள் முழுவதும் சுமப்பது எப்படி? அவரைச் சுற்றியுள்ளவர்கள் அவரிடம் எப்படி நடந்துகொள்வது அறம்? இக்கேள்விகளைப் பொதுவாக வைத்துப் பேசினால் நல்ல சொற்கள் பல கிடைக்கும். பயன் அதிகம் இராது. எனவே ஒரே ஒரு நோயை எடுத்துக்கொள்வோம். வில்சன் நோய் என்று அதற்குப் பெயர். ஏறத்தாழ முப்பதாயிரம் பேரில் ஒருவருக்கு வருவது. அரிதானதுதான், ஆனால் நம் நாட்டின் மக்கள்தொகையோடு பெருக்கிப் பார்த்தால் பல்லாயிரம் குடும்பங்கள் என்று ஆகிறது.

நம் வீடுகளில் செம்புக்குத் தனி மரியாதை. பூஜை அறையில் பஞ்சபாத்திரம் செம்பு, கும்பகலசம் செம்பு, இரவில் செம்புக் குடத்தில் வைத்த நீரைக் காலையில் பருகுவோரும் பலர். அந்த உலோகம் உடலுக்கு வேண்டியதுதான். நாள்தோறும் ஒரு மில்லிகிராம் அளவுக்கு நம் உணவிலிருந்தே அது கிடைத்துவிடுகிறது. தேவைக்கு மேல் சேர்ந்ததைக் கல்லீரல் எடுத்துப் பித்தநீரில் கலந்து வெளியேற்றிவிடும். இந்த வெளியேற்றத்திற்குத் துணைசெய்யும் ஒரு புரதத்தை உண்டாக்குவது பதின்மூன்றாவது குரோமோசோமில் உள்ள ஏடிபி7பி என்னும் மரபணு. 1993இல் இது கண்டறியப்பட்டது. தாய் தந்தை இருவரிடமிருந்தும் இந்த மரபணுவின் பழுதுபட்ட படியே ஒரு குழந்தைக்கு வந்துவிட்டால், செம்பு வெளியேறும் வாயில் அடைபட்டுப்போகிறது. பிறந்த நாள் முதல் அது துளித்துளியாய்க் கல்லீரலில் தேங்குகிறது. ஆரோக்கியமான கல்லீரலின் உலர் எடையில் கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்கும் குறைவாக இருக்கவேண்டிய செம்பு, இந்நோயாளிகளில் பெரும்பாலும் 250ஐத் தாண்டிவிடும். கல்லீரல் நிரம்பியபின் அது இரத்தத்தில் கசிந்து மூளையிலும் கண்ணிலும் சிறுநீரகத்திலும் படிகிறது. கருவிழியின் ஓரத்தில் பழுப்புப் பச்சை நிறத்தில் ஒரு வளையம் தோன்றும். அதை 1902இலும் 1903இலும் முதலில் எழுதிவைத்த கைசர், ஃபிளைஷர் என்னும் இரு ஜெர்மானிய மருத்துவர்களின் பெயரால் இன்றும் அது அழைக்கப்படுகிறது.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்லவேண்டும். இந்தியக் குழந்தைகளுக்கே உரியது என்று ஒருகாலத்தில் பெயர்பெற்ற கல்லீரல் சுருக்க நோய் ஒன்று இருந்தது. அதிலும் ஈரலில் செம்பு குவிந்திருந்தது. பித்தளைப் பாத்திரத்தில் காய்ச்சி வைத்த பாலில் இறங்கிய செம்பே அதற்குக் காரணமாகலாம் என்று புனே நகரில் 1980களில் ஆய்வு நடத்திய மருத்துவர்கள் காட்டினார்கள். பாத்திரம் மாறியது, எவர்சில்வர் வந்தது, அந்நோய் பெரும்பாலும் மறைந்தேபோயிற்று. அதில் பிழை பாத்திரத்தில் இருந்தது, ஆகவே பாத்திரத்தை மாற்றினால் போதுமானதாயிற்று. வில்சன் நோயில் உடலே பாத்திரம். அதை யார் மாற்றுவது? (நோயாளி செம்புக் குடத்து நீரையும், ஈரல், நண்டு, இறால் வகை, முந்திரி, சாக்லேட், காளான் போன்ற செம்பு மிகுந்த உணவுகளையும் தவிர்க்கவேண்டும் என்பது உண்மை. ஆயினும் பத்தியம் மட்டும் இந்நோயைக் காக்காது.)

லண்டனில் பணியாற்றிய கின்னியர் வில்சன் என்னும் நரம்பியல் மருத்துவர் 1912இல் இதை விரிவாக எழுதினார். இளம் வயதினரின் கைகால்கள் விறைத்து நடுங்கின, பேச்சு குழறிற்று, இறந்தபின் பார்த்தால் கல்லீரல் சுருங்கியிருந்தது. ஒரே குடும்பத்தின் உடன்பிறந்தாரிடையே இது வருகிறது என்பதை அவர் கவனித்தார். ஆயினும் பரம்பரையாக இறங்கும் நோய் என்று அவர் கொள்ளவில்லை. அவர் காலத்தில் இதற்கு மருந்தே கிடையாது. இரண்டாம் உலகப்போரில் நச்சு வாயுவுக்கு மாற்றாக ஆக்ஸ்ஃபோர்டில் உருவாக்கப்பட்ட ஒரு மருந்தை 1951 முதல் இந்நோயாளிகளுக்கு ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள். கடும் வலி தரும் ஊசி அது. அதன்பின் வந்தவர் ஜான் வால்ஷ். பெனிசிலின் கொடுக்கப்பட்ட நோயாளிகளின் சிறுநீரில் பெனிசில்லமின் என்னும் பொருள் இருப்பதை லண்டனில் கண்டிருந்த அவர், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஒரு வில்சன் நோயாளியைப் பார்த்தபோது, இப்பொருள் செம்பைப் பற்றி இழுத்துச் சிறுநீரில் கொண்டுவந்துவிடுமே என்று எண்ணினார். மனிதர் யாரும் அதுவரை அதை மருந்தாக உட்கொண்டதில்லை. நோயாளிக்குக் கொடுக்குமுன் ஒரு கிராம் எடுத்துத் தாமே விழுங்கினார். 1956இல் அவரது கட்டுரை வெளிவந்தது. பெனிசில்லமின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்காக டிரையன்டீன் என்ற வேறொரு மருந்தையும் 1969இல் அவரே கொண்டுவந்தார். 2022இல், நூறு வயதைக் கடந்தபின், மறைந்தார். இவர்களின் பெயர்களைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பரம்பரை நோய் என்றதும் ‘ஒன்றும் செய்வதற்கில்லை’ என்று கைவிரிக்கும் பழக்கம் நம்மிடம் ஊறியிருக்கிறது. இந்தப் பரம்பரை நோய்க்கு எழுபது ஆண்டுகளாக மருந்து இருக்கிறது. உரிய காலத்தில் தொடங்கி விடாமல் உண்பவர் படிக்கலாம், உழைக்கலாம், மணம் செய்துகொள்ளலாம், பேரப்பிள்ளைகளையும் பார்க்கலாம்.

அப்படியானால் துன்பம் எங்கே இருக்கிறது? பாதி உடலில் இருக்கிறது. மீதியை நாம் உண்டாக்குகிறோம்.

கல்லீரல் கெட்டது என்றால் நம் நாட்டில் முதலில் எழும் கேள்வி, ‘குடிப்பாரோ?’ என்பது. பதினான்கு வயதுப் பெண்ணுக்குக் காமாலை கண்டு வயிறு நீர்கோத்து வீங்கும்போது அந்தக் கேள்வியைக் கேட்க முடியாது. உடனே வேறொரு கேள்வி வந்துவிடும்: ‘என்ன பாவம் செய்தாளோ?’ சற்று நாகரிகமானவர்கள் ‘பூர்வ ஜென்ம வினை’ என்பார்கள். வீட்டுக்குள் அதே கேள்வி வேறு வடிவம் எடுக்கும். ‘எங்கள் வம்சத்தில் இப்படி யாருக்கும் வந்ததில்லை’ என்று மாமியார் சொல்லும் வாக்கியத்திற்கு ஒரே பொருள்தான். பழி மருமகள் மேல்.

முதலில் மரபியல் உண்மையைப் பார்ப்போம். பழுதுபட்ட மரபணுவின் ஒரு படியை மட்டும் தாங்குபவருக்கு இந்நோய் வராது. அப்படித் தாங்குகிறோம் என்பதும் அவருக்குத் தெரியாது. சுமார் தொண்ணூறு பேரில் ஒருவர் இப்படித் தாங்குகிறார். இக்கட்டுரையைப் படிப்போரிலும் சிலர் இருப்பார்கள். தாங்குபவர் இருவர் மணந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு நோய் வரும் வாய்ப்பு உண்டு. நோயுள்ள பிள்ளைக்குத் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு படிகளும் வந்தே ஆகவேண்டும். எனவே ‘எங்கள் வம்சத்தில் இல்லை’ என்று எவரும் சொல்ல இயலாது. இரு வம்சங்களிலும் இருந்தது, இரண்டிலும் தூங்கிக்கொண்டிருந்தது.

வினைக்கொள்கை பற்றி என்ன சொல்வது? அக்கொள்கையை ஏற்பவர்களே அதைச் சரியாகப் பயன்படுத்துகிறோமா என்று கேட்டுக்கொள்ளவேண்டிய இடம் இது. நம் பழைய மருத்துவ நூலாரையே எடுத்துக்கொள்வோம். சுச்ருதர் நோய்களை ஏழு வகையாகப் பிரிக்கிறார். அவற்றுள் முதலாவது ‘ஆதிபலப் பிரவிருத்தம்’. பெற்றோரின் சுக்கில சுரோணிதக் குற்றத்தால் வருவது. தாய்வழி, தந்தைவழி என அதில் இரு பிரிவு. தெய்வத்தால் வருவதாகக் கருதப்பட்ட நோய்களை ‘தைவபலப் பிரவிருத்தம்’ என்று வேறொரு வகையாக, தனியே வைக்கிறார். பரம்பரை நோயையும் தெய்வக் குற்றத்தையும் அவர் ஒன்றாகப் போட்டுக் குழப்பவில்லை. சரகரோ விமான ஸ்தானத்தில் இன்னும் ஒருபடி மேலே சென்று, ஆயுள் முழுதும் விதியால் முடிவானதென்றால் மருந்துக்கும் மந்திரத்துக்கும் என்ன வேலை என்று வாதிடுகிறார். விதி, முயற்சி இரண்டின் வலிமையையும் நிறுத்துப் பார்க்கவேண்டும் என்பதே அவர் தரும் விடை. பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இவ்வளவு நிதானமாகப் பேசியவர்களின் வழிவந்த நாம், மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் ஒரு தாயிடம் ‘வினை’ என்று ஒரே சொல்லில் தீர்ப்பு வழங்கிவிடுகிறோம்.

தன் நோயை ஒருவர் தானே எண்ணிப்பார்த்து, ‘இது என் வினை, இதைப் பொறுமையாகக் கடப்பேன்’ என்று சொல்லிக்கொண்டால், அது அவருக்குப் பலம் தரக்கூடும். அதே வாக்கியத்தை இன்னொருவர் அவரைப் பார்த்துச் சொல்லும்போது அது வசையாகிவிடுகிறது. சொல் ஒன்றுதான்; சொல்பவர் யார், கேட்பவர் யார் என்பதில் அறம் இருக்கிறது. அடுத்தவரின் முற்பிறவியை அறிந்தவர் நம்மில் யார்?

இனி, இந்நோய் எழுப்பும் மிகக் கடினமான கேள்விக்கு வருகிறேன். செம்பு கல்லீரலோடு நிற்பதில்லை. பலருக்குப் பத்து வயதுக்குமேல், இளமைப் பருவத்தில், அது மூளையைத் தொடுகிறது. முத்துமுத்தாக எழுதிய பையனின் கையெழுத்து சிதைகிறது. முதல் வரிசை மாணவன் கடைசிக்குப் போகிறான். பேச்சு குழறுகிறது, வாயில் எச்சில் வழிகிறது. காரணமில்லாமல் சினம் பொங்குகிறது. சில வேளை சிரிப்பும் அழுகையும் கட்டுக்கடங்காமல் வருகின்றன. ஆசிரியர் பிரம்பை எடுக்கிறார். தந்தை ‘திமிர்’ என்கிறார். தாய் பேயோட்டுபவரிடம் அழைத்துப்போகிறாள். மாதங்கள் ஓடிவிடுகின்றன, சில குடும்பங்களில் ஆண்டுகளே ஓடிவிடுகின்றன. பெங்களூரு நிமான்ஸ் மருத்துவமனையில் முப்பது ஆண்டுகளில் பார்த்த 282 வில்சன் நோயாளிகளைப் பற்றி 2007இல் ஒரு விரிவான அறிக்கை வெளிவந்தது. இத்தகைய நரம்பியல் வடிவில்தான் அங்கே பலர் வந்தார்கள்.

அந்தப் பையனின் சினம் யாருடையது? அவனுடையதா, செம்புடையதா? நாம் குணம், சுபாவம் என்று அழைப்பதில் எவ்வளவு பங்கு உடலின் ரசாயனம்? கோபக்காரர் எல்லோரும் ஈரலைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் சிறிதளவு உலோகம் ஒருவரின் பொறுமையை, நினைவை, கூச்சத்தை, அன்பு காட்டும் முறையைக்கூட மாற்றிவிட முடிகிறது என்பது, தன் நற்குணங்களைத் தானே சம்பாதித்ததாக நினைக்கும் எவரையும் சற்று நிறுத்தி யோசிக்க வைக்கும். எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கிறது. குரல் நிதானமாக இருக்கிறது. இதில் என் சாதனை எவ்வளவு, எனக்கு வாய்த்த கல்லீரலின் சாதனை எவ்வளவு?

இதைப் பிடித்துக்கொண்டு, ‘அப்படியானால் பொறுப்பு என்பதே கிடையாது, மனிதன் வெறும் ரசாயனப் பை’ என்று முடிப்பவர்கள் இருக்கிறார்கள். அம்முடிவு நோயாளிக்கே தீங்கு. நடுங்கும் கையோடும் இரண்டு வேளை மருந்தை மறவாமல் எடுப்பதா வேண்டாமா என்பது அவர் கையில் இருக்கிறது. குழறும் பேச்சோடும் மன்னிப்புக் கேட்பதா வேண்டாமா என்பதும் அவர் கையில் இருக்கிறது. நோய் அவருடைய இடத்தைக் குறுக்குகிறது. குறுகிய இடத்திலும் அவர் நிற்கிறார். ‘உனக்கு ஒன்றும் இயலாது’ என்று எல்லாவற்றிலிருந்தும் விலக்கி வைப்பவர், ‘வேண்டுமென்றே செய்கிறாய்’ என்று அடிப்பவரைவிட மென்மையானவராகத் தோன்றலாம். இருவரும் அந்தப் பையன் நிற்கும் இடத்தைப் பார்க்கவில்லை.

சிகிச்சையிலும் ஒரு சோதனை உண்டு. மூளை பாதிக்கப்பட்டோரில் சிலருக்கு மருந்து தொடங்கிய முதல் வாரங்களில் நடுக்கம் அதிகமாகிவிடும். குடும்பம் பதறி, ‘மருந்துதான் கெடுத்தது’ என்று நிறுத்திவிடும். அளவைக் குறைத்தோ மருந்தை மாற்றியோ சரிசெய்யக்கூடியதை, மருத்துவரிடம் போகாமல் வீட்டுக்குள்ளேயே தீர்மானித்துவிடுகிறார்கள்.

இப்போது ஒரு வீட்டை எண்ணிக்கொள்வோம். மூத்தவனுக்கு நோய் உறுதியாகிவிட்டது. பத்து வயதுத் தங்கை துள்ளி விளையாடிக்கொண்டிருக்கிறாள். மருத்துவர், ‘அவளையும் சோதிக்க வேண்டும்’ என்கிறார். இரத்தத்தில் செருலோபிளாஸ்மின் என்னும் புரதத்தின் அளவு, இருபத்துநான்கு மணி நேரச் சிறுநீரில் செம்பின் அளவு, கண் பரிசோதனை, முடிந்தால் மரபணுச் சோதனை. தந்தை தயங்குகிறார். ‘நன்றாக இருக்கும் பிள்ளையை ஏன் நோயாளி ஆக்கவேண்டும்? வந்தால் பார்த்துக்கொள்வோம்’ என்கிறார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு பிள்ளையின் நோயையே தாங்கமாட்டாமல் நிற்பவர் அவர். ஆயினும் அவர் கூற்றில் ஒரு பிழை இருக்கிறது. சோதனை நோயை உண்டாக்குவதில்லை. அவளுக்கு அது இருக்குமானால் பிறந்த நாள் முதல் இருக்கிறது. ‘வந்தால்’ என்ற சொல்லுக்கே இங்கு இடமில்லை. நோயின் அறிகுறி தோன்றும்முன் தொடங்கிய மருந்து அவளை நோயே அண்டாதவளாக வைத்திருக்கக்கூடும். கல்லீரல் சுருங்கியபின் தொடங்கும் மருந்தால் அவ்வளவு செய்ய இயலாது. அறியாமை இங்கே அவளுக்குத் தரும் நிம்மதி, அவள் கணக்கிலிருந்து எடுத்துத் தந்தைக்குக் கொடுக்கப்படும் நிம்மதி.

சோதனையில் அவளுக்கும் நோய் தெரிந்தது என்று வைத்துக்கொள்வோம். அவள் வாழ்வில் ஒரு விசித்திரமான கடமை நுழைகிறது. உடம்புக்கு ஒன்றுமில்லை; ஆனால் நாள் தவறாமல் மருந்து. பெனிசில்லமினானால் உணவுக்கு ஒரு மணி முன்போ இரண்டு மணி பின்போ. துத்தநாக மாத்திரையானாலும் வெறும் வயிற்றில்தான். இன்று உண்டதால் நாளை ஒரு நன்மையும் கண்ணுக்குத் தெரியாது. ஒருநாள் விட்டாலும் ஒன்றும் தெரியாது. ஒரு மாதம் விட்டாலும் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. இந்தத் தெரியாமையில்தான் ஆபத்து. மருந்தை நிறுத்திய நோயாளிகள் சில மாதங்களிலோ சில ஆண்டுகளிலோ கல்லீரல் திடீரெனச் செயலிழந்து இறந்ததை 1980களிலேயே இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நலமாக இருந்ததாலேயே நிறுத்தியவர்கள் அவர்களில் உண்டு.

நித்திய கர்மத்தைப் பற்றி மீமாம்சகர்களில் ஒருசாரார் சொல்வது இங்கே நினைவுக்கு வருகிறது. சந்தியாவந்தனம் போன்ற அன்றாடக் கடமையைச் செய்வதால் தனியே ஒரு பலன் கிட்டுவதில்லை. செய்யாமல் விட்டால் பிரத்தியவாயம் என்னும் குற்றம் சேரும் என்பார்கள். படிக்கும்போது இதென்ன நியாயம், பலனில்லாததை ஏன் செய்வது என்று எனக்குத் தோன்றியதுண்டு. இந்தச் சிறுமியின் மாத்திரையை எண்ணியபோது அந்த வாதத்தின் உட்பொருள் சற்று விளங்கிற்று. வெற்றி என்று காட்ட ஒன்றுமில்லாத ஒழுக்கங்கள் வாழ்வில் சில உண்டு. விபத்து நேராத பாலம், இடியாத சுவர், ஏற்படாத சண்டை. அவற்றுக்குப் பின்னால் இருக்கும் உழைப்பை யாரும் பாராட்டுவதில்லை. இருப்பது யாருக்கும் தெரிவதுமில்லை. ஏகாதசி விரதம் என்று மாத்திரையைத் தள்ளிவைப்பதும், நேர்த்திக்கடன் கழிந்துவிட்டது என்று ஒரேயடியாக நிறுத்துவதும், ‘பத்தே நாளில் வேரோடு அறுக்கிறேன்’ என்பவரிடம் போவதும் பக்தியின் பெயரால் நடக்கின்றன. ‘நான் இந்த உடல் அல்லேன்’ என்ற பேருண்மையைச் சொல்லி மருந்தை ஒதுக்கியவர்களும் உண்டு. உடல் அல்லாதவருக்கு மாத்திரையை விழுங்குவதில் மட்டும் என்ன தடை?

திருமணம் வருகிறது. எல்லாக் குடும்பங்களும் அஞ்சும் இடம் இதுவே. ஆண்பிள்ளையைவிடப் பெண்பிள்ளைக்கு அதிகமாக. சொல்வதா, மறைப்பதா?

கணக்கை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. நோயுள்ளவர் உறவல்லாத ஒருவரை மணந்தால், துணைவர் மரபணுவைத் தாங்குபவராக இருக்கும் வாய்ப்பு தொண்ணூறில் ஒன்று. பிள்ளைக்கு நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ நூற்றெண்பதில் ஒன்று. மிகக் குறைவு. ஆனால் ஆந்திரத்திலும் கருநாடகத்திலும் தமிழகத்திலும் இன்றும் மறையாத சொந்தத் திருமணங்களில் இக்கணக்கு மாறிவிடும். நோயுள்ள பெண்ணைத் தாய்மாமனுக்கே கொடுத்தால், பிள்ளைக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. அத்தை மகனுக்கோ மாமன் மகனுக்கோ கொடுத்தால் எட்டில் ஒன்று. ‘வெளியில் சொல்லவேண்டாம், குடும்பத்துக்குள்ளேயே முடித்துவிடுவோம்’ என்று நல்லெண்ணத்தோடு செய்யும் ஏற்பாடுதான் ஆபத்தைப் பன்மடங்காக்குகிறது. கருவுற்ற காலத்திலும் மருத்துவர் மேற்பார்வையில், அளவைத் திருத்திக்கொண்டு, சிகிச்சையைத் தொடரவேண்டும். அப்படித் தொடர்ந்து நலமாகப் பிள்ளை பெற்றவர்கள் பலர். குழந்தைக்காக மருந்தை நிறுத்தியவர்களே இடர்ப்பட்டிருக்கிறார்கள்.

மறைத்துச் செய்த திருமணத்தில் என்ன நடக்கும்? அவள் மாமியார் கண்ணில் படாமல் மாத்திரையை விழுங்கவேண்டும். உணவுக்கு ஒரு மணி முன்னால் தனியே இருக்கவேண்டும். ‘என்ன மருந்து இது?’ என்று யாரேனும் கேட்டால் ஒரு பொய். அதைக் காக்க மற்றொரு பொய். களைத்துப்போய் ஒருநாள் மருந்தையே நிறுத்திவிடுவாள். உண்மை பேசுவது ஒழுக்கம் என்று மட்டுமே நாம் கற்றிருக்கிறோம். இங்கே உண்மை உயிரோடு நேரடியாகக் கட்டப்பட்டிருக்கிறது.

எனவே சொல்லவேண்டும் என்பதே என் கருத்து. யாரிடம், எப்போது என்பதும் முக்கியம். மணம் பேசி இரு தரப்பும் மனம் ஒப்பும் வேளையில், மணமகனிடமும் அவர் பெற்றோரிடமும், முடிந்தால் மருத்துவரின் துணையோடு விளக்கவேண்டும். ஊர் முழுவதற்கும் சொல்லும் கடமை எவருக்கும் இல்லை. கேட்டபின் வேண்டாம் என்று விலகுபவரைப் பழிக்க இயலாது. அது அவர் உரிமை. விலகியபின் நான்கு இடங்களில் அதைப் பரப்புவது அவர் உரிமை அன்று. நம்பிச் சொன்ன செய்தி ஒப்படைத்த பொருளைப் போன்றது. வாங்கமாட்டேன் என்று திருப்பித் தரலாம், தெருவில் எறியக்கூடாது. சொன்னதால் வரன்கள் தட்டிப்போகும் என்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை. தட்டிப்போகும். சில வீடுகளில் பலமுறை தட்டிப்போகும். அந்தத் துன்பத்தின் விலையை உண்மை பேசிய குடும்பம் மட்டுமே செலுத்துகிறது. கேட்டதும் முகம் மாறும் நம்மைப் போன்றவர்கள் ஒரு காசும் செலுத்துவதில்லை.

பொருளாதாரம் பற்றிச் சுருக்கமாக ஒன்று. அரிய நோயின் மருந்தை வாங்குவோர் சிலரே. அவர்களுக்கு வேறு வழியுமில்லை. அமெரிக்காவில் 2010க்கும் 2015க்கும் இடையே நூறு டிரையன்டீன் குளிகைகளின் விலை சுமார் 650 டாலரிலிருந்து 21,000 டாலருக்கு மேல் ஏற்றப்பட்டது. மூலக்கூறு அதே, நோயாளிகளும் அவர்களே. அந்நாட்டுச் செனட் சபையின் குழு ஒன்று அதை விசாரித்தது. மருந்தைத் தாமே முதலில் விழுங்கிப் பார்த்த மருத்துவரும் இதே நோயின் வரலாற்றில்தான் வருகிறார். அதை வைத்து விலை ஏற்றியவர்களும் இதே வரலாற்றில்தான் வருகிறார்கள். துத்தநாகம் ஒப்புநோக்க மலிவானது என்பது ஓர் ஆறுதல்; எல்லோருக்கும் அது மட்டும் போதுமானதன்று.

மருந்தும் பலிக்காமல் கல்லீரல் முற்றிலும் செயலிழந்தால் மாற்று அறுவை ஒன்றே வழி. பழுது கல்லீரலில் இருப்பதால், புதிய கல்லீரலோடு செம்பு வெளியேறும் வாயிலும் திறந்துவிடுகிறது. பெற்றோர் இருவரும் பழுதின் ஒரு படியைத் தாங்குபவர்கள்தாம். ஆயினும் அவர்களது ஈரல் செம்பைச் சரியாகவே வெளியேற்றுவதால் அதன் ஒரு பகுதியைப் பிள்ளைக்குத் தரலாம். உயிரோடு இருப்பவர் உறுப்புத் தருவதற்கு 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் வழி செய்திருக்கிறது. ‘உன் வழியாகத்தான் வந்தது’ என்று பழி கேட்ட தாய், பிள்ளையின் அறுவைக்கூடத்திற்குத் தானும் பக்கத்துப் படுக்கையில் செல்கிறாள்.

ஆனால் பெரும்பாலோர்க்கு அந்த நிலை வரவேண்டியதில்லை. அவர்களது வாழ்வு அறுவைக்கூடத்தில் அல்ல, சமையலறை அலமாரியில் இருக்கும் ஒரு மருந்து டப்பாவில் தீர்மானமாகிறது. பிள்ளை சிறுவயதில் இருக்கும்வரை தாய் நேரம் பார்த்துக் கொடுக்கிறாள். பதினாறு, பதினேழு வயதில் விடுதியில் சேரும்போது அந்த டப்பா கை மாறவேண்டும். மருந்தை விடுவது பெரும்பாலும் இந்த வயதில்தான் நேர்கிறது. நண்பர்கள் முன் மாத்திரை போடக் கூச்சம். உடம்பு நன்றாக இருக்கிறது என்ற துணிவு. எதையும் சோதித்துப் பார்க்கும் பருவம். ஆகவே கை மாறும் நாளுக்கு வெகு முன்பே பேச்சைத் தொடங்கிவிட வேண்டும். எட்டு வயதில், ‘உன் ஈரலுக்குச் செம்பை வெளியே தள்ளத் தெரியவில்லை, இந்த மாத்திரை தள்ளிவிடும்’ என்பது போதும். பன்னிரண்டு வயதில் மாத்திரையின் பெயரையும் அளவையும் பிள்ளையே மருத்துவரிடம் சொல்லட்டும். பதினான்கில், நிறுத்தினால் என்ன ஆகும் என்பதைப் பயமுறுத்தாமல், மறைக்காமல் சொல்லவேண்டும். பதினைந்தில் தீர்ந்துபோகும் நாளைக் கணக்கிட்டு அடுத்த பட்டையைத் தானே போய் வாங்கிவரட்டும். தாய் கேட்காமல் இருக்கப் பழகவேண்டும். அது அவளுக்கு எளிதாக இராது. விடுதிக்குப் புறப்படும் நாளில், ஊறுகாய்ப் பாட்டிலுக்கும் சட்டைகளுக்கும் இடையே அந்த டப்பாவை வைக்க அவள் கை நீளும்போது, ‘அதை நான் முதலிலேயே எடுத்து வைத்துவிட்டேன் அம்மா’ என்று அவன் சொல்லவேண்டும்.